மூன்றாவது குழு

1954ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துத் தென்கிழக்கு மலைப்பகுதியில் இருக்கும் ராபர்ஸ் கேவ் என்னும் வனப்பூங்காவில் ஒரு சிறுவர் முகாம் நடந்தது. பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்கள் அதில் கலந்துகொண்டனர். முகாமைச் சுற்றி வந்த பணியாள் ஒருவரை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அவர் பெயர் மிஸ்டர் முஸ்ஸி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த முகாமின் ஒவ்வொரு நாளையும் வகுத்தவர் அவர்தான் என்பதோ, அவர் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் முஸஃபர் ஷெரீஃப் என்பதோ அச்சிறுவர்களுக்குத் தெரியாது.

குழு, அதிகாரம், தலைமை ஆகியவற்றைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் சமூக உளவியல் உலகுக்குச் சொன்னவற்றுள் கணிசமான பகுதி இத்தகைய முகாம்களிலும் அறைகளிலும் பிறந்தது. பாடநூல்கள் இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கின்றன: இரண்டு குழுக்களை அமையுங்கள், ஒரு பரிசை நடுவில் வையுங்கள், பகைமை தானே முளைக்கும். இந்தத் ‘தானே’ என்ற சொல்லின்மீதுதான் நமக்கு ஐயம். சிறுவர்களைப் பார்க்கும் அதே கவனத்துடன் அந்தப் பணியாளையும் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

*

ஷெரீஃப் 1906இல், ஓட்டோமான் பேரரசின் இஸ்மீர் நகருக்கு அருகே ஓதெமிஷ் என்னும் ஊரில் பிறந்தவர். துருக்கியரும் கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த நிலம் அது. 1919 மே மாதம் கிரேக்கப் படை இஸ்மீரில் வந்திறங்கியது. அன்று தன் கண்முன்னே ஆட்கள் கொல்லப்பட்டதையும், தன்னை அடுத்து நின்றவரைக் கொன்ற ஒரு சிப்பாய் தன்னை ஒருகணம் பார்த்துவிட்டு விலகிச் சென்றதையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவர்கள் எவ்வாறு ஒரே நாளில் பகைவர்களாகிறார்கள்? அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்த கேள்வி இதுவே எனலாம்.

அக்காலத்து அறிவுலகில் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று இருந்தது. 1895இல் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ பான் எழுதிய நூல், கூட்டத்தில் சேர்ந்த மனிதன் தன் பகுத்தறிவை இழந்து நாகரிகத்தின் படிகளிலிருந்து கீழே இறங்கிவிடுகிறான் என்றது. வன்முறை மனிதனின் இயல்பூக்கம் என்றும், கூட்டம் அதை அவிழ்த்துவிடுகிறது என்றும் பலர் நம்பினர். ஷெரீஃபுக்கு இப்பதில் உவப்பாக இல்லை. பகைமை இரத்தத்தில் இல்லை, நிலைமைகளில்தான் இருக்கிறது என்று நிறுவவே அவர் விரும்பினார். ஹார்வர்டிலும் கொலம்பியாவிலும் பயின்று 1935இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1936இல் அந்த ஆய்வை நூலாக வெளியிட்டார்.

அந்த ஆய்வின் எளிமை வியக்கத்தக்கது. முற்றிலும் இருண்ட அறையில் அசையாத ஓர் ஒளிப்புள்ளியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதுபோல் தோன்றும். எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவைச் சொல்வர். சிலரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் அவர்களுடைய அளவுகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கிவிடும். பிறகு தனியே அழைத்துக் கேட்டாலும் குழுவில் உருவான அளவையே அவர்கள் சொல்வர். இல்லாத ஓர் அசைவுக்கு ஒரு குழு தன் அளவுகோலை உண்டாக்கிக்கொள்கிறது. அதை ஒவ்வொருவரும் வீட்டுக்கும் எடுத்துச் செல்கிறார்கள். தலைமையைப் பற்றியும் அதில் ஒரு குறிப்பு உண்டு. அளவுகோல் உருவாகும் வேளையில் தலைவர் ஒருவர் அதைத் தன் பக்கம் இழுக்க முடியும். அது நிலைபெற்றபின் அவரே அதிலிருந்து விலகினால், குழு அவரைப் பின்தொடராமல் விட்டுவிடக்கூடும். தலைவரையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் குழுவுக்கு உண்டு என்பதை இத்தனை தெளிவாக அவர் அன்றே கண்டிருந்தார். பின்னாளில் அவரே அதை மறந்ததுபோல் நடந்துகொண்டார் என்பதுதான் இக்கதையின் முரண்.

துருக்கி திரும்பி அங்காராவில் ஆசிரியராக இருந்த ஷெரீஃப், நாஜி ஆதரவுப் போக்கையும் இனவாதத்தையும் எதிர்த்து எழுதியவர். 1944இல் கைது செய்யப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். 1945இல் அமெரிக்கா சென்றார். மீண்டும் தாய்நாட்டில் குடியேறவில்லை. அதே ஆண்டு அவர் மணந்த கரோலின் உட் தாமும் ஓர் உளவியலாளர். முகாம் ஆய்வுகளைப் பற்றிய புகழ்பெற்ற 1961ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர்களுள் ஒருவர்.

*

ராபர்ஸ் கேவ் முகாம் ஷெரீஃபின் முதல் முகாம் அன்று, மூன்றாவது. முதலாவது 1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது. அங்கே சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, பிறகு நண்பர்களைப் பிரித்து எதிரெதிர்க் குழுக்களில் சேர்த்தனர். நட்பு வெகுவிரைவில் இடம்மாறியது. பழைய நண்பனைவிடப் புதிய குழுவினரே நெருக்கமாகிவிட்டனர்.

இரண்டாவது முகாம் 1953இல் நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவ் என்னும் இடத்தில் நடந்தது. நம் கதையின் மையம் இதுவே. 1961ஆம் ஆண்டு நூலில் இதற்குக் கிடைத்தது போகிற போக்கில் ஒரு குறிப்பு மட்டுமே. அங்கு என்ன நடந்தது என்பதை, ஆஸ்திரேலிய உளவியலாளரும் எழுத்தாளருமான ஜினா பெர்ரி, ஓஹையோ மாநிலத்து அக்ரன் பல்கலைக்கழகத்தின் உளவியல் வரலாற்று ஆவணக்காப்பகத்தில் தேடியும், முதுமையடைந்திருந்த அன்றைய சிறுவர்களைக் கண்டறிந்து பேசியும் 2018இல் ஒரு நூலாக எழுதினார். தாங்கள் ஓர் ஆய்வில் பங்கேற்றிருந்தோம் என்பதே அவர்களுள் சிலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மிடில் குரோவிலும் சிறுவர்கள் முதலில் ஒன்றாகவே பழகினர். பிறகு அவர்கள் ‘சிறுத்தைகள்’ என்றும் ‘மலைப்பாம்புகள்’ என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டுப் போட்டிகளில் மோதவிடப்பட்டனர். கயிறிழுக்கும் போட்டியில் தோற்ற மலைப்பாம்புகள் சினம் கொள்ளவில்லை. சிறுத்தைகளே நல்ல அணி, வெற்றி அவர்களுக்கு உரியதே என்றனர். எதிர்பார்த்த பகை வரவில்லை என்றதும் ஆய்வாளர்கள் தாமே அதை உண்டாக்க முனைந்தனர். ஒரு குழுவின் துணிகளைத் திருடினர். சலவையில் மாறிப்போயிருக்கும் என்று சிறுவர்கள் முடிவுகட்டினர். சிறுத்தைகளின் கொடியை அறுத்து வீழ்த்தினர். மலைப்பாம்புகள் ஒவ்வொருவரும் பைபிளின்மீது சத்தியம் செய்து தாங்கள் செய்யவில்லை என்றனர். சிறுத்தைகள் அதை நம்பினர். பின்னர் சிறுத்தைகளின் கூடாரம் சரிக்கப்பட்டு, ஒரு பையனின் யுகுலேலே இசைக்கருவி உடைக்கப்பட்டது. அதற்குள் சிறுவர்களுக்கு விளங்கிவிட்டது. இதைச் செய்பவர்கள் எதிர் அணியினர் அல்லர், முகாமின் பெரியவர்களே. தாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று அவர்கள் ஊகித்தனர். இரு குழுவினரும் சேர்ந்து சரிந்த கூடாரத்தை மீண்டும் நிறுத்தினர்.

ஒரு பெரிய ஆய்வாளரின் பல மாத உழைப்பும், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியும், வளர்ந்த மனிதர்களின் சூழ்ச்சியும் ஒருபுறம். பதினொரு வயதுப் பையன்களின் சாதாரண நேர்மை மறுபுறம். வென்றது நேர்மை. ஆனால் ஆய்வின் கணக்கில் அது தோல்வி என்று பதிவாயிற்று. இரு குழுக்களையும் மீண்டும் ஒன்றிணைப்பதற்காகக் காட்டில் தீ மூட்டவும் ஷெரீஃப் திட்டமிட்டிருந்தார். பகையே மூளாததால் அதற்குத் தேவை எழவில்லை. அன்றிரவு குடித்திருந்த அவர், தம் உதவியாளர் ஒருவர்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று குற்றம்சாட்டி அவரை அடிக்கக் கை ஓங்கினார் என்றும், அந்த உதவியாளர் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்காட்டி எச்சரித்த பின்பே அவர் அடங்கினார் என்றும் பெர்ரி எழுதுகிறார். அந்த முகாமில் குழுப்பகை என்று ஒன்று உண்மையில் வெடித்தது ஆய்வாளர்களின் கூடாரத்தில்தான்.

*

அடுத்த ஆண்டு ராபர்ஸ் கேவில் ஷெரீஃப் முன்னைய தவற்றைச் செய்யவில்லை. இம்முறை சிறுவர்கள் கலந்து பழக இடம் தரப்படவில்லை. ஒக்லஹோமா நகரத்தைச் சேர்ந்த, வெள்ளையினத்து, புராட்டஸ்டன்ட், நடுத்தர வகுப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் 22 பேர் பதினொருவர் பதினொருவராகப் பிரிக்கப்பட்டு, தனித்தனிப் பேருந்துகளில் அழைத்துவரப்பட்டனர். முதல் வாரத்தில் மற்றொரு குழு இருப்பதே இரு குழுக்களுக்கும் தெரியாது. ஒரு குழு ‘ராட்டிலர்ஸ்’ என்னும் பாம்பின் பெயரைச் சூடிக்கொண்டது. மற்றொன்று தனக்கு எதிராக இன்னொரு குழு இருக்கிறது என்று அறிந்த பிறகே ‘கழுகுகள்’ என்று பெயரிட்டுக்கொண்டது. ‘அவர்கள்’ வந்த பிறகே ‘நாம்’ என்பதற்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் வாரத்தில் போட்டிகள் தொடங்கின. வெல்லும் அணியினருக்குப் பதக்கமும் மடக்குக்கத்தியும், தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கழுகுகள் ராட்டிலர்களின் கொடியை எரித்தனர். பதிலுக்கு இவர்கள் அவர்களுடைய குடிலைச் சூறையாடினர். வசைகள் பெருகின. தலைமையும் மாறியது. அமைதிக் காலத்தில் கழுகுகளை வழிநடத்திய பையன் பின்னுக்குச் செல்ல, போட்டியில் முனைப்புக் காட்டிய வேறொருவன் முன்னுக்கு வந்தான். போர்க்காலம் தனக்கேற்ற தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

இரு குழுக்களையும் ஒரே இடத்தில் உண்ணவைத்ததும் ஒன்றாகப் படம் பார்க்கவைத்ததும் பயன் தரவில்லை. உணவு வாய்க்குள் போவதற்குப் பதிலாக எதிரணியின்மீது பறந்தது. பின்னர் இரு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற நிலைமைகள் உருவாக்கப்பட்டன. குடிநீர் வரத்து நின்றது. அனைவரும் சேர்ந்து பழுதைத் தேடினர். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படத்தை வரவழைக்க இரு குழுவும் பணம் போட்டன. உணவு கொண்டுவரப் போகவேண்டிய லாரி கிளம்ப மறுத்தபோது, கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றை ஒரே பக்கம் நின்று இழுத்தனர். திரும்பும் வழியில் ராட்டிலர்கள் தாங்கள் பரிசாக வென்றிருந்த ஐந்து டாலரை எல்லோருக்கும் பால்பானம் வாங்கச் செலவிட்டனர். பொது நோக்கம் பகையைக் கரைக்கும் என்னும் ஷெரீஃபின் கொள்கை இங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. இஸ்மீரில் சிறுவனாக நின்றவர் தேடிய பதில் அதுவாகவே இருந்திருக்கவேண்டும்.

அக்கொள்கையில் உண்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. இல்லாத ஒன்று சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதே நம் குறை. அதைச் சுட்டிக்காட்டியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் மைக்கேல் பில்லிக். 1976இல் எழுதிய நூலில் அவர், ராபர்ஸ் கேவில் இருந்தவை இரண்டு குழுக்கள் அல்ல, மூன்று என்றார். மூன்றாவது குழு ஆய்வாளர்கள். இருவரையும் பிரித்தது அவர்கள். பரிசைக் குறித்தது அவர்கள். போட்டி இறுதிவரை சமநிலையில் இருப்பதற்காக மதிப்பெண்களைக் கூட்டிக் குறைத்தது அவர்கள். குடிநீரை நிறுத்தியதும் அவர்கள். அம்முகாமில் எல்லோரையும்விட அதிக அதிகாரம் கொண்டிருந்த குழு அதுவே. அறிக்கையில் அது ஒரு குழுவாகவே எண்ணப்படவில்லை.

வாசகர்களுக்கு இங்கே ஒரு நாவல் நினைவுக்கு வரக்கூடும். அதே 1954இல்தான் வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ வெளிவந்தது. பெரியவர்கள் இல்லாத தீவில் சிறுவர்கள் கொடியவர்களாகிறார்கள் என்பது அதன் கதை. ராபர்ஸ் கேவ் அதற்கு அறிவியல் சான்று என்பதுபோல் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசும் வழக்கம் உண்டு. ஆனால் முகாமில் பெரியவர்கள் எங்கும் இருந்தார்கள். பெரியவர்களின் கை தளர்ந்தபோது மிடில் குரோவின் சிறுவர்கள் கூடாரத்தை நிமிர்த்தினர்.

*

இது ஷெரீஃப் ஒருவரின் பிழையாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. இத்துறையின் தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறிய யூதரான கர்ட் லெவின், அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகியோருடன் 1938ஐ ஒட்டி நடத்திய ஆய்வு தலைமையைப் பற்றிய முதல் பெரும் சோதனை. பத்து வயதுச் சிறுவர்கள் ஐவர் ஐவராகச் சேர்ந்து முகமூடி செய்யும் மன்றங்கள். ஒரு பெரியவர் எதேச்சாதிகாரியாக நடந்துகொண்டார்; இன்னொருவர் கலந்து பேசி முடிவெடுத்தார். ஜனநாயகத் தலைவராக இருக்கவேண்டிய வைட் சிறுவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டதைக் கண்ட லெவின், அதைத் தவறென்று தள்ளாமல் மூன்றாவது வகையாகவே சேர்த்துக்கொண்டார். எதேச்சாதிகாரத்தின்கீழ் சில குழுக்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டன, சில அடங்கி மௌனமாயின. தலைவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலை நின்றது. ஜனநாயகக் குழுவில் அவர் போன பின்னும் வேலை நடந்தது. தலைவரை மாற்றியதும் அதே சிறுவர்கள் வேறுவிதமாக நடந்துகொண்டனர்.

பெரியவர்தான் அங்கே ஆய்வுப்பொருள். சிறுவர்களின் கொடுமைக்கான காரணத்தை லெவின் சிறுவர்களுக்குள் தேடவில்லை, அவர்களுக்கு மேலே தேடினார். அவருடைய தாயார் நாஜிகளால் கொல்லப்பட்டவர் என்பதையும் நாம் நினைவில் கொள்ளலாம். அதிகாரம் எங்கிருந்து இறங்குகிறது என்ற கேள்வி அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

லெவின் 1947இல் மறைந்தார். அவர் கண்ணெதிரே நிறுத்திய தலைவர், அடுத்த தலைமுறையின் சோதனைகளில் பணியாள் உடையில் மறைந்துகொண்டார். 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நிலவறையில் ஃபிலிப் ஜிம்பார்டோ நடத்திய சிறைச் சோதனையில் இது உச்சத்தை அடைந்தது. 24 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரிக்கப்பட்டனர். இரண்டு வாரங்களுக்குத் திட்டமிட்டது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. சாதாரண இளைஞர்கள் சீருடை அணிந்ததும் தாமே கொடியவர்களானார்கள் என்பது உலகறிந்த பாடமாயிற்று. ஆனால் சிறைக் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜிம்பார்டோவே. காவலர்களுக்கு முன்கூட்டியே வழிகாட்டல் கூட்டம் நடந்தது. கடுமை காட்டாத ஒரு காவலரைச் சிறை அதிகாரியாக நடித்த உதவியாளர் இன்னும் கடுமையாக இருக்கும்படி வற்புறுத்தும் ஒலிப்பதிவு உண்டு. இவற்றைப் பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ தெக்ஸியே 2018இலும் 2019இலும் விரிவாக எடுத்துக்காட்டினார். 2024இல் மறைந்த ஜிம்பார்டோ இவ்விமர்சனங்களை ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்கிடையில் 2001இன் இறுதியில் அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீவ் ரைஷர் என்னும் இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள், பிபிசி தொலைக்காட்சியுடன் சேர்ந்து இதைப் போன்றதொரு சிறையை அமைத்தனர். காவலர்களுக்கு எப்படி நடக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் அதிகாரத்தைக் கையில் எடுக்கவே தயங்கினர். கைதிகள் ஒன்றுபட்டனர், காவல் அமைப்பு கவிழ்ந்தது. மனிதர்கள் கொடுத்த வேடத்தில் தாமாகவே கரைந்துவிடுவதில்லை. ஒரு தலைமை அவர்களைத் தன் நோக்கத்தில் பங்காளிகளாக்கும்போதுதான் தம்மை அதற்கு ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பது இவர்களின் முடிவு. இவர்களுடைய சிறையிலும் ஒளிப்படக் கருவிகள் என்னும் பார்வையாளர் இருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது.

*

மனித இயல்பே கொடியது என்று நம்புவதில் ஒரு வசதி இருக்கிறது. அப்போது யாரும் பொறுப்பாளி அல்லர். ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்னும் செய்தித் தலைப்பை நாம் எத்தனையோ முறை படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். தரப்புகள் இரண்டு என்று எண்ணிய கணத்திலேயே, வேலியை அமைத்தவரும் பரிசைக் குறித்தவரும் கொடியைக் கையில் கொடுத்தவரும் நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அறிவியலுக்கே நேர்ந்த பிழை அன்றாட வாசகர்களாகிய நமக்கு நேர்வதில் வியப்பில்லை.

ஷெரீஃபை வில்லனாக்கி முடிப்பதும் அதே வசதியின் மற்றொரு வடிவமே. பகைமை பிறவிக்குணம் அன்று என்று நிரூபிக்க வந்த மனிதர் அவர். அதற்கான சான்று 1953இல், கேட்காமலே, அவர் கையில் கிடைத்தது: தூண்டிய பின்னும் பகைக்க மறுத்த பிள்ளைகள். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது முதலில் பகை, பிறகு அதைத் தீர்க்கும் வழி. வழியைக் காட்டும் ஆவலில் அவர் பதிலைத் தவறவிட்டார்.

ராபர்ஸ் கேவின் சிறுவர்கள் எரித்த கொடி எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. மிடில் குரோவின் சிறுவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நிறுத்திய கூடாரம் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆவணப்பெட்டிகளில் கிடந்தது. குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் இரண்டாவதையும் முதலாவதன் பக்கத்தில் வைக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.